லேப்டாப் நம்முடையது, உள்ளே இருப்பது யாருடையது?

பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கெடு முடிந்துவிட்டது. கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது. ஆனால் அது ‘காசு இல்லாமல் கிடைக்கும்’ என்பதற்காக அல்ல.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. ஒருபக்கம் தக்காளியும் ரோஜாவும் விளையும் நிலங்கள். இன்னொரு பக்கம் ஐபோன் பாகங்கள் தயாரிக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸும் மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டியும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

இதுபோன்ற ஊர்களில் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்தான் பாதி அரசு அலுவலகம். பட்டாவுக்கு விண்ணப்பிப்பது, பிஎஃப் பணம் கேட்பது, கம்பெனி வேலைக்கு பயோடேட்டா அடிப்பது எல்லாம் அதில்தான். வீடுகளிலோ, அக்காவோ அண்ணனோ பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று பீரோ மேல் தூங்கிக்கொண்டிருக்கும். “ஆன் ஆகுது, ஆனா ரொம்ப ஸ்லோ” என்பதே அதைப் பற்றிய பொதுவான தீர்ப்பு.

2025 அக்டோபர் 14 அன்று இந்தக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொரு தீர்ப்பும் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் அன்றோடு முடித்துக்கொண்டது. கூடுதலாக ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அது தள்ளிப்போடுவதுதான். சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இந்தத் தேர்வில் தேறாது.

கீபோர்டு நன்றாக இருக்கிறது. திரை நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கோ எடுத்த ஒரு முடிவால் மெஷின் ‘பழசாகி’விட்டது. இதில் கடைக்காரருக்கோ, லேப்டாப் வாங்கிய மாணவிக்கோ, அதைக் கொடுத்த அரசுக்கோ எந்தப் பேச்சும் இல்லை. கட்டற்ற மென்பொருள் பற்றிய விவாதம் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

கட்டற்றது என்றால் ஓசியா?

விவசாயம் நடக்கும் ஊர் எதுவானாலும் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். மெக்கானிக் அதைப் பிரிப்பார், காயில் சுற்றுவார், திரும்ப ஓட வைப்பார். மோட்டார் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்போது அதே மோட்டாரைத் திறக்கவே முடியாதபடி சீல் வைத்து, “பழுதானால் நாங்கள்தான் பார்ப்போம், ஐந்து வருடம் கழித்து நாங்களும் பார்க்க மாட்டோம்” என்று கம்பெனி சொன்னால் எப்படி இருக்கும்? நம் கம்ப்யூட்டரில் இருக்கும் பெரும்பாலான மென்பொருள்கள் அப்படித்தான் விற்கப்படுகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லும் மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, கம்பெனியிடமே இருக்கிறது. நாம் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்ற புரோகிராமருக்கு இதே எரிச்சல் வந்தது. பேப்பர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் பிரிண்டர் ஒன்று. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். மூல நிரல் தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் பொதுவாக ‘லினக்ஸ்’ என்று சொல்லும் இயங்குதளம்.

ஒரு மென்பொருளைக் ‘கட்டற்றது’ என்று சொல்ல நான்கு உரிமைகள் வேண்டும். எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம். எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்த்துத் திருத்தலாம். அடுத்தவருக்குப் பிரதி எடுத்துத் தரலாம். திருத்திய வடிவத்தையும் பகிரலாம். இந்தப் பட்டியலில் விலை என்ற சொல்லே இல்லை. கட்டற்ற மென்பொருளை விற்கலாம், நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்கலாம். காசில்லாமல் கிடைக்கும் எல்லா ஆப்பும் கட்டற்றதும் அல்ல. ‘ஃப்ரீ’யாகக் கிடைக்கும் பல ஆப்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

திறந்த மூல மென்பொருள் என்ற பெயரும் ஏறக்குறைய இதே மென்பொருள்களைத்தான் குறிக்கிறது. ஒரு பெயர் உரிமையை முன்னால் வைக்கிறது. இன்னொன்று வேலை நடக்கும் முறையை.

ஏற்கெனவே கையில் இருப்பது

“இதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்” என்று ஒதுக்க முடியாது. ஆண்ட்ராய்டு போனில் இதைப் படிக்கும் ஒவ்வொருவர் கையிலும் லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் பார்க்கும் விஎல்சி, இணையம் பார்க்கும் ஃபயர்பாக்ஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி எல்லாம் கட்டற்றவை.

தமிழுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. கம்ப்யூட்டர் தமிழில் பேசும் என்று கம்பெனிகளுக்காகத் தமிழர்கள் காத்திருக்கவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தமிழகம், இலங்கை, புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் கேடிஇ போன்ற லினக்ஸ் திரை முகப்புகளைத் தமிழாக்கத் தொடங்கினர். மூல நிரல் திறந்திருந்ததால் யாரிடமும் கையெழுத்து வாங்கத் தேவை இருக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. தமிழில் தட்டச்சு செய்ய ‘எ-கலப்பை’ வந்தது. 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கி, லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு, என்விடிஏ. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இந்த மென்பொருளை, 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற புரோகிராமரான மைக்கேல் கரன் தொடங்கினார். அதுவரை இத்தகைய மென்பொருளுக்குக் கம்ப்யூட்டரைவிட அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. என்விடிஏவுக்குக் கட்டணம் இல்லை. அதோடு வரும் ஈஸ்பீக் என்ற கட்டற்ற குரல் மென்பொருள் தமிழையும் வாசிக்கும். ‘சந்தை சிறியது, லாபம் இல்லை’ என்று ஒரு கம்பெனி ஒதுக்கக்கூடிய வேலை இது. தேவைப்பட்டவர்களே செய்துகொண்டார்கள்.

உத்தனப்பள்ளிக்கு இந்தக் கதை நெருக்கமானது. கர்நாடக எல்லையில் இருக்கும் இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அன்றாடம் புழங்கும் மொழிகள். ஆலைகள் வந்த பிறகு வடமாநிலத் தொழிலாளர்களின் மொழிகளும் சேர்ந்துவிட்டன. இப்படி ஓர் ஊரின் தேவைக்கென்று தனியாக மென்பொருள் செய்ய எந்தப் பெரிய நிறுவனமும் வரப்போவதில்லை. மூல நிரலும் மொழிபெயர்ப்பு உரிமையும் கையில் இருந்தால், ஒரு பள்ளி ஆசிரியரும் நான்கு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து தொடங்கிவிடலாம். யாராவது அனுமதித்தால்தான் நடக்கும் என்ற நிலைக்கும் நாமே செய்துகொள்ளலாம் என்ற நிலைக்கும் நடுவே உள்ள தூரம் இது.

பட்டறையில் இருக்கும் பயம்

அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்று பெரிய பெயர்களைச் சுற்றித்தான் ஓசூர் வளர்ந்தது. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். இரண்டு சிஎன்சி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், டிராயிங் பார்க்க ஒரு கேட் மென்பொருள். இந்தியாவில் இப்படிப்பட்ட சிறு நிறுவனங்களில், அந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதுதானா என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் ஒரு சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்தச் சிரிப்புக்குச் சட்டத்தில் விலை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தொழில் லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். பட்டறைக்கு அந்தச் சலுகை பொருந்துவது கடினம். திருட்டுப் பிரதியோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ் தனி.

மாற்று என்ன? ஃப்ரீகேட் என்ற கட்டற்ற கேட் மென்பொருள் 20 ஆண்டுக்கு மேல் வளர்ந்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற நிலையை எட்டியது. பில், கடிதம், கணக்குத் தாளுக்கு லிப்ரே ஆபிஸ் போதும். ஸ்டாக், உற்பத்தி, பில்லிங் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஈஆர்பி நெக்ஸ்ட் இருக்கிறது. மும்பையில் உருவான அது ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது.

இங்கே ஒரு பொருளாதாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். உரிமக் கட்டணமாகக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். கட்டற்ற மென்பொருளை நிறுவவும், பட்டறைக்கு ஏற்பத் திருத்தவும், ஆட்களுக்குச் சொல்லித்தரவும் பணம் செலவாகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் உள்ளூரில் அந்த வேலை தெரிந்த பையனுக்கோ பெண்ணுக்கோ போகும். மோட்டார் காயில் கட்டும் கடை எப்படி ஊரில் ஒரு தொழிலோ, அப்படி இதுவும் ஒரு தொழிலாக முடியும். லைனில் நின்று போன் பாகங்களைப் பொருத்தும் ஊர், அந்த போனுக்குள் ஓடுவதையும் திறந்து பார்க்கத் தெரிந்த ஊராக மாறும் வழிகளில் இது ஒன்று.

சாவி வெளியே இருந்தால்

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தக் கவலை உண்டு. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது, ரஷ்யத் தொடர்பைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து, அந்நிறுவனம் பயன்படுத்திவந்த மைக்ரோசாப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். இந்தியாவில் இயங்கும், பணம் கட்டிய ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் கதவை வெளியிலிருந்து பூட்ட முடிந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

“அப்போ இந்தியக் கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கினா போதுமே?” என்ற கேள்வி வரும். சாவி வெளிநாட்டில் இருப்பதற்குப் பதில் உள்நாட்டில் இருக்கும். அது ஒரு வகையில் நல்லதுதான். ஆனாலும் சாவி இன்னொருவரிடம்தான். கட்டற்ற மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவி ஓட்டினால், முதலில் செய்தவர் கடையை மூடினாலும் மூல நிரல் நம்மிடம் இருக்கும். வேறொருவரை வைத்துத் தொடரலாம்.

தமிழ்நாடு தொட்டுவிட்டு விட்ட கதை

இதெல்லாம் தமிழக அரசுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 2000-களின் நடுவில் சி. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. அரசுக் கொள்முதலிலும் லினக்ஸுக்கு இடம் கொடுத்தது. நாட்டிலேயே முன்னோடி என்று அப்போது பேசப்பட்டது.

2007-ல் வெளிவந்த ‘பாஸ்’ லினக்ஸ், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இது இந்திய மொழிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போயின. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன. பிளஸ் 1 பாடநூலில் ஓபன் ஆபிஸும் பிளஸ் 2 பாடநூலில் பைத்தானும் இருக்கின்றன. இரண்டும் கட்டற்றவை.

ஆக, மென்பொருள் இருந்தது, மெஷின் இருந்தது, பாடமும் இருந்தது. பிறகு ஏன் பாஸ் என்றால் பலருக்கு “லேப்டாப் ஆன் பண்ணும்போது ரெண்டாவதா வருமே, அதுவா?” என்பதற்கு மேல் நினைவில்லை?

கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் காரணம். வைஃபை பிடிக்காவிட்டால் யாரைக் கேட்பது? பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் யார் பார்ப்பார்? பள்ளியில் அதைத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ‘ஃபார்மட் போட்டுடலாம்’. அந்த ஃபார்மட்டில் பாஸ் போய்விடும். உரிமம் இல்லாத விண்டோஸ் வந்து உட்காரும். உரிமை பெட்டியோடு சேர்ந்தே வந்தது. அதைப் பயன்படுத்தச் சொல்லித்தர ஆள் வரவில்லை.

கேரளம் செய்தது என்ன?

பக்கத்து மாநிலத்தில் கதை வேறு. 2000-களின் தொடக்கத்தில் கேரளப் பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் திட்டமும் விண்டோஸில்தான் ஆரம்பித்தது. ஆசிரியர் அமைப்புகளும் ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கேற்ற பாடநூல், பத்தாம் வகுப்பில் அதே மென்பொருளில் தேர்வு என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்தார்கள். பள்ளிக்குத் தேவையான கல்வி மென்பொருள்கள் எல்லாம் சேர்த்த தனி லினக்ஸ் பதிப்பே வெளியிட்டார்கள்.

அந்தத் திட்டத்தின் இன்றைய வடிவமான ‘கைட்’ நிறுவனம் 2019-ல் ஒரு கணக்கு சொன்னது. 2 லட்சம் கம்ப்யூட்டர்கள். அதே வசதிகளை விலை கொடுத்து வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.5 லட்சம் ரூபாய். ஆக மிச்சம் 3,000 கோடி ரூபாய். எல்லா மென்பொருளையும் முழு விலையில் வாங்கியிருப்பார்கள் என்ற கற்பனையில் போட்ட கணக்கு அது, கொஞ்சம் தாராளமானதுதான். பாதியாகக் குறைத்தாலும், கால்வாசியாகக் குறைத்தாலும் சிறிய தொகை அல்ல.

பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு. பழுது பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க உருவானார்கள். 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் பள்ளிக்குள்ளேயே அந்த வேலையைத் தொடர்கின்றன. ஒரே வகை மென்பொருள்தான் இரண்டு மாநிலத்துக்கும் கிடைத்தது. ஒன்றில் அதைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், இன்னொன்றில் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும்

கட்டற்ற மென்பொருளை விரும்புகிறவர்கள் சில உண்மைகளை மறைக்கக் கூடாது.

முதலாவது, மாறுவதற்கு உழைப்பு வேண்டும். வாடிக்கையாளர் கம்பெனி அனுப்பும் டிராயிங் ஃபைல் ஃப்ரீகேட்டில் எப்போதும் நேரடியாகத் திறக்காது. ஸ்டெப், டிஎக்ஸ்எஃப் போன்ற பொது வடிவங்களில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆடிட்டர் டாலி ஃபைல்தான் கேட்பார். சில டிஜிட்டல் கையெழுத்துக் கருவிகள் லினக்ஸில் மல்லுக்கட்டும். ஆகவே, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும் பட்டறை மறுநாளே பழையதற்குத் திரும்பிவிடும். லிப்ரே ஆபிஸில் தொடங்கி ஒவ்வொன்றாக மாறுவதே நிற்கும்.

இரண்டாவது, திறந்திருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்தது தெரியவந்தது. உலகெங்கும் லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் அந்த மென்பொருளைக் கவனித்துவந்தவர் சம்பளம் இல்லாத, களைத்துப்போன ஒரே ஒரு தன்னார்வலர். உதவிக்கு வந்ததுபோல் நடித்தவர்தான் கதவை வைத்தார். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால் அது அகப்பட்டது. மூல நிரல் திறந்திருந்ததால் வெளியில் இருந்த ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது என்பது உண்மை. உலகமே பயன்படுத்தும் ஒன்றை ஒற்றை ஆளின் தோளில் விட்டிருந்தோம் என்பதும் உண்மை.

இரண்டு குறைகளும் சொல்வது ஒன்றுதான். ஊர்ப் பொது ஏரியைப் போன்றது கட்டற்ற மென்பொருள். எல்லோருக்கும் சொந்தம், கரையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் யாருக்கும் உதவாது.

கரையைப் பார்ப்பது யார்?

ஆள் சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. சென்னையில் ‘இந்திய லினக்ஸ் பயனர் குழு’ 1990-களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. காஞ்சிபுரம் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடித் தமிழிலேயே பேசுகிறது. பெரிய ஐடி நிறுவனங்கள் இல்லாத விழுப்புரத்தில் இயங்கும் குழு, கிராமத்து மாணவர்களைத் தேடிப் போய் லினக்ஸும் நிரலாக்கமும் சொல்லித்தருகிறது. புதுச்சேரியிலும் ஓர் இயக்கம் இருக்கிறது. இவை எதற்கும் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. வாரம் ஓரிரு மணி நேரம், ஒரு அறை, தெரிந்ததை மறைக்காமல் சொல்லும் சிலர் போதும்.

ஓசூர் பகுதிக்கு விழுப்புரத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று தினமும் அத்திப்பள்ளி எல்லையைக் கடக்கும் இளைஞர்கள் ஏராளம். இவர்களில் பலர் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொடுவது லினக்ஸ் சர்வரும் பைத்தானும்தான். பெங்களூருவில் ‘ஃபாஸ் யுனைடெட்’ அமைப்பு தொடர்ந்து கூட்டங்கள் நடத்துகிறது. அதே ஊரின் ஜெரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2024-ல் அறிவித்தது. திறமை எல்லைக்கு அந்தப் பக்கம் தினமும் போய் வருகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அது இந்தப் பக்கமே தங்கினால் போதும்.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. பழைய தவறு திரும்பாமல் இருக்க, கட்டற்ற இயங்குதளத்தைப் பெட்டியில் சேர்ப்பதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியிலும் அதைக் கற்ற ஓர் ஆசிரியரும் ஒரு மாணவர் குழுவும் வேண்டும். பாடத்திட்டத்தில் உள்ள மென்பொருளிலேயே செய்முறைத் தேர்வு வேண்டும். அரசு இணையதளங்களும் படிவங்களும் எந்த இயங்குதளத்திலும் திறக்க வேண்டும். இந்திய அரசு 2015-லேயே தன் துறைகளுக்குத் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்திருக்கிறது. மாநிலத்திலும் அப்படியொரு தெளிவு இருந்தால், அதிகாரி மாறும்போதெல்லாம் திட்டம் மாறாது.

ஆலைகளுக்கும் இதில் இடம் உண்டு. அலுவலகத்திலிருந்து கழிக்கும் கம்ப்யூட்டர்களில் டேட்டாவை முறையாக அழித்துவிட்டு, அரசுப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் தரலாம். பழைய இரும்புக் கடைக்குப் போவதைவிட அது மேல்.

மறுபடியும் பீரோ மேல் இருக்கும் அந்த லேப்டாப்புக்கு வருவோம். ரேமைக் கொஞ்சம் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு நிறுவினால், பயோடேட்டா அடிக்கவும், பாடம் பார்க்கவும், நிரல் எழுதிப் பழகவும் அது இன்னும் சில வருடம் உழைக்கும். வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது. பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கைக்கு ஆகும். செய்யத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மதிய நேர வேலை.

அந்த ஒருவர் உத்தனப்பள்ளியிலேயே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மென்பொருளின் நான்கு உரிமைகளும் ஏற்கெனவே நம்முடையவை. மோட்டார் எரிந்தால் யாரிடம் போவது என்று ஊருக்கே தெரியும். லேப்டாப் நின்றால் யாரிடம் போவது என்பதும் அப்படித் தெரிய வேண்டும்.